வெளியே நீளும் அளவு

லேத்தில் ஒரு வேலை கெடுவதாக இருந்தால் அது பெரும்பாலும் கடைசி வெட்டில்தான் கெடும். முகம் சீவியாகிவிட்டது, விட்டம் அளவுக்கு வந்துவிட்டது, துளை போட்டு மரையும் வெட்டியாகிவிட்டது. பாரிலிருந்து பாகத்தை அறுத்து விடுவது ஒன்றுதான் பாக்கி. அதுவரை போன மின்சாரம், நேரம், உலோகம் எல்லாம் அந்தத் துண்டில் குவிந்திருக்கிற நேரத்தில், இருப்பதிலேயே மெலிந்த கருவி உள்ளே இறங்குகிறது.

காஞ்சிபுரம் என்றால் தறியும் கோபுரமும் நினைவுக்கு வருவது இயல்பு. அதே மாவட்டத்தில்தான் இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் இருக்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வந்தது. 2010-இல் ரெனோ-நிசானும், 2013-இல் ராயல் என்ஃபீல்டும் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய தொழில் வட்டாரத்தில் இரண்டு மூன்று சிஎன்சி லேத்துகளை வைத்துக்கொண்டு புஷ், காலர், பின் என்று ஆயிரக்கணக்கில் அறுத்துத் தள்ளும் சிறு பட்டறைகளுக்கு, பாகத்தை அறுத்துவிடும் அந்த மெலிந்த கருவியான பார்ட்டிங் டூல் அன்றாடக் கவலை. கீச்சென்று அலறும், முனையில் உட்காரும் வெட்டுத்துண்டான இன்செர்ட் உடையும், முகம் குழியும். உடனே ‘இன்னும் கெட்டியான டூல் வேணும்’ என்று கடைக்குப் போன் பறக்கும்.

கெட்டி என்று எதைக் கேட்கிறோம் என்பதில்தான் குழப்பம்.

பார்ட்டிங் டூலின் சிக்கல் மற்ற டூல்களுக்கு இல்லாதது. வெளிவிட்டம் சீவும் டூலுக்கு ஒரு பக்கம் திறந்த வெளி. சுருள் எப்படி வேண்டுமானாலும் ஓடலாம். பார்ட்டிங் டூலுக்கு இரு பக்கமும் சுவர். தான் வெட்டிய பள்ளத்துக்குள்ளேயே அது இறங்க வேண்டும். உரசாமல் இருக்க, பிளேடு இன்செர்ட்டை விட மெலிந்திருக்க வேண்டும். 3 மி.மீ. இன்செர்ட் என்றால் அதைத் தாங்கும் பிளேடின் தடிமன் சுமார் இரண்டரை மி.மீ. சுருளும் அதே இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால்தான் இன்செர்ட்டின் மேல்முகத்தில் பள்ளம் வைத்து, சுருளை வெட்டின் அகலத்தைவிடக் குறுக்கிக் கடிகார ஸ்பிரிங் போலச் சுருட்டி விடுகிறார்கள். கூலன்ட் நேரே வெட்டு முனையில் பாயாவிட்டால் அந்தச் சுருளும் சிக்கிக்கொள்ளும்.

சரி, பிளேடு வளைகிறது. வளையாத பிளேடு எது? நம்மில் பலரும் உயர்ந்த எஃகு, கடினமாக்கிய எஃகு என்றே பதில் சொல்வோம். பள்ளிப் பாடத்தில் வந்த யங் குணகத்தை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சாதாரணக் கட்டுமானக் கம்பிக்கும், பதம் ஏற்றிய விலையுயர்ந்த கருவி எஃகுக்கும் அந்தக் குணகம் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 200 கிகாபாஸ்கல். ஒரே அளவில் இரண்டு பட்டைகளைச் செய்து ஒரே எடையைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். எடையை எடுத்த பிறகு நல்ல எஃகு நேராகத் திரும்பும், மட்டமானது வளைந்தபடியே நின்றாலும் நிற்கும். நல்ல எஃகுக்குக் கொடுக்கும் காசு வீணல்ல. இன்செர்ட் உட்காரும் இருக்கை தேயாமல் இருக்கும், மோதினால் பிளேடு பிழைக்கும். ஆனால் வெட்டும்போது வளையாதிருக்க அந்தக் காசு உதவாது. கார்பைடுக்கு யங் குணகம் சுமார் மூன்று மடங்கு. அது வளைவதற்குப் பதில் உடையும் ஜாதி.

அடுத்து வருவது அகலம். ‘3 மி.மீ. ஆடுது, 4 போடு.’ அகலமான இன்செர்ட் அதிகமாக வெட்டும். வெட்டும் விசையும் அதே விகிதத்தில் ஏறும். பிளேடு தடித்ததால் மேல்கீழ் வளைவுக்கு எதிராகக் கிடைத்த விறைப்பு, கூடிய விசைக்கே சரியாகப் போய்விடும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு மட்டும் தடிமன் உண்மையாகவே உதவும். அங்கே மும்மடிக் கணக்கு. கூடவே செலவையும் பாருங்கள். 25 மி.மீ. நீளப் பாகத்தை 3 மீட்டர் பாரிலிருந்து 3 மி.மீ. வெட்டில் அறுத்தால் 107 கிடைக்கும், 2 மி.மீ. வெட்டில் 111. பிடிமானத்தில் மிஞ்சும் கடைசித் துண்டைக் கழிக்காத கணக்கு இது. பித்தளையிலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் அந்த நான்கு பாகங்கள் சும்மா வருவதில்லை.

பிளேடின் உயரம் நல்ல கூட்டாளி. 26 மி.மீ. பிளேடிலிருந்து 32 மி.மீ. பிளேடுக்குப் போனால் விறைப்பு ஏறக்குறைய 1.9 மடங்காகும், இதுவும் மும்மடிதான். டூல்களைத் தாங்கும் டரட்டில் இடமிருந்தால் போடலாம்.

எல்லாவற்றையும் விஞ்சி நிற்பது ஓவர்ஹேங், பிளேடு பிடியிலிருந்து வெளியே நீண்டிருக்கும் அளவு. நேற்று 50 மி.மீ. பார் ஓடியது, 25 மி.மீ. ஆழத்துக்காகப் பிளேடை 27 மி.மீ. நீட்டிப் பூட்டினார்கள். இன்று 20 மி.மீ. பார். ஆழம் 10, நீட்டம் 12 போதும். அதைக் குறைக்க ஐந்து நிமிடம் ஆகும் என்று யாரும் தொடவில்லை. நீட்டத்துக்கும் மும்மடிக் கணக்குதான்; அதே விசையில் இன்று அந்தப் பிளேடு வளைவது வளைய வேண்டியதைப் போல 11 மடங்குக்கும் மேல். எந்தக் கம்பெனியின் எந்த விலையுயர்ந்த டூலும் இந்த 11 மடங்கைத் திருப்பித் தராது. ஒரு ஆலன் கீ திருப்பித் தரும்.

பார் சக்கிலிருந்து எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதும் இதே விஷயம்தான். சக்கை ஒட்டி அறுக்க வேண்டும். டூல் நிமிர்ந்து நின்றாலும் பார் வளைந்து கொடுத்தால் பலன் ஒன்றுதான். டரட்டுக்கும் டூல் பிளாக்குக்கும் நடுவே ஒரு பிசிறு கிடந்தாலும் அங்கே ஒரு ஆட்டம் சேரும். கருவி என்று நாம் சொல்வது பிளேடோடு முடிவதில்லை.

இதில் மனத்தைத் தொடும் ஒன்று உண்டு. பிளேடை நீட்டி வைத்தவர் சோம்பேறி அல்ல. எந்த பார் வந்தாலும் எட்டட்டும் என்று முன்யோசனையாகத்தான் வைத்தார். பட்டறையில் அதற்குக் கெட்டிக்காரத்தனம் என்றே பெயர். ஆனால் பெரிய வேலை எப்போதாவது வரும்; அதற்காக ஒவ்வொரு சின்ன வேலையிலும் ஆட்டத்தை விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் தயாராக நீண்டு நிற்பது எதிலும் அழுந்தி நிற்காது.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் இந்த அறிவு வேறு உருவில் பழையது. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள். இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. ஒரே நாடாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டியிருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். வலக்கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டியிருக்காது. ஆனால் உடலின் ஊடு இழை கரைப் பாவுக்குள் புகுந்து கரையின் நிறத்தை மங்கவைத்துவிடும். அரக்குக் கரை முழு அரக்காக நிற்பது, கரை நாடா கரையோடு திரும்பிவிடுவதால்தான். எங்கே திரும்ப வேண்டும் என்று அதற்கு எல்லை வைத்தவர்கள், அந்த எல்லைக்குள் அது முழு நிறத்தையும் தரும் என்று கண்டவர்கள்.

விறைப்பு என்பதை ஒரு பொருளின் பிறவிக் குணம் என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். மனிதரிலும் அப்படித்தான் பார்க்கிறோம். இவர் உறுதியானவர், அவர் தளர்ந்தவர் என்கிறோம். லேத் சொல்வது வேறு. ஒரே எஃகு, ஒரே பிளேடு, ஒரே இன்செர்ட், 12 மி.மீ. நீட்டத்தில் உறுதி, 27-இல் நடுக்கம். உறுதியின் பெரும்பங்கு எதனால் ஆனோம் என்பதில் இல்லை, பிடிமானத்திலிருந்து எவ்வளவு தூரம் போய் நின்று சுமக்கிறோம் என்பதில் இருக்கிறது. தளர்ந்தவர் என்று நாம் தள்ளிவைத்த பலர், யாரோ அதிகம் நீட்டிப் பூட்டியவர்களாக இருக்கலாம்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. நடுவை நெருங்கும்போது வெட்டு வேகம் சுழியத்துக்கு இறங்குகிறது. அங்கே இன்செர்ட் வெட்டுவதில்லை, நெருக்குகிறது. கடைசி 2 மி.மீ.யில் ஃபீடைக் கால்வாசியாகக் குறைத்துவிட வேண்டும். முனை மையத்துக்கு 0.1 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. கீழே போனால் நடுவில் முளை நிற்கும், மேலே போனால் உரசும். முளையைத் தவிர்க்கச் சாய்ந்த முனை இன்செர்ட்டை வாங்கினால் அது பிளேடைப் பக்கவாட்டில் தள்ளி முகத்தைக் குழியவோ புடைக்கவோ செய்யும். ஆழமான வெட்டுக்கு நேர்முனைதான் நல்லது. ஸான்ட்விக் கோரோமன்ட் இன்செர்ட்டை 90 பாகை திருப்பி, வெட்டு விசை பிளேடின் நீளவாக்கில் இறங்கும்படி ஒரு டூலைக் கொண்டுவந்தது. விறைப்பு ஆறு மடங்கு என்கிறது அந்த நிறுவனம். புத்திசாலித்தனமான யோசனை. அதற்கு ஒய் அச்சு உள்ள இயந்திரம் வேண்டும். இரண்டு அச்சு லேத் வைத்திருப்பவர் பெருமூச்சுதான் விடலாம்.

ஆகவே கேட்லாக்கைத் திறக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது டரட்டில் இருக்கும் பிளேடு எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்று வெர்னியரில் அளந்து, ஓடும் பாரின் பாதி விட்டத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் இருந்தால் புது டூல் வாங்க வேண்டாம். செட்டிங் தாளில் புரோகிராம் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த வேலைக்கான நீட்டத்தையும் எழுதி, இரவு ஷிஃப்ட்டுக்கு வருபவரிடம் அதைக் காட்டிவிட்டுப் போங்கள்.