அமானத்தும் அவசரமும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர்த் தொழுகைக்குப் பின், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டியில் ஒரு வீட்டிற்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் கண்ணுக்கெட்டும் தொலைவில் நிற்கும் தெரு அது. வீட்டுக்காரர், பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலையொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிபவர். அவருடைய ஆறு வயது மகன் திண்ணையில் அமர்ந்து புளியங்கொட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். நாம் ஸலாம் உரைத்தோம். அவன் தலை நிமிரவில்லை. அவனுக்கு இருப்பது ஆட்டிசம் என்று மருத்துவர்கள் முன்பே கூறியிருந்தனர்.

கணவனுக்கும் மனைவிக்கும் பல நாட்களாக ஒரு வழக்கு. அதைத் தீர்த்து வைக்கவே நாம் அழைக்கப்பட்டோம்.

"ஹஜ்ரத், இவன் உடம்பில் சேர்ந்த உலோக நஞ்சுதான் இவனைப் பேசவிடாமல் வைத்திருக்கிறதாம். மருந்தை நரம்பில் ஏற்றி அதை வெளியே இழுத்துவிடலாம் என்கிறார்கள். முயன்று பார்ப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?" என்றார் தந்தை.

"நமக்கு ஒன்றும் நஷ்டமில்லைங்க. அவனுக்கு வந்துவிட்டால்?" என்றார் தாய்.

'நமக்கு' என்றது ஒரு வாய். 'அவனுக்கு' என்றது மற்றொரு வாய். இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தையே இங்கு அளந்து பார்க்க விழைகிறோம்.

தந்தையின் எண்ணத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நீதியாகாது. தம் வேலையுடுப்பில் ஒட்டிவந்த தூசுதான் மகனைக் கெடுத்துவிட்டதோ என்ற குற்றவுணர்வு அவரை உறங்கவிடவில்லை. ஈயம் நஞ்சு என்பதும், வளரும் குழந்தையின் மூளையை அது தாக்கும் என்பதும் ஐயமற்ற உண்மைகள். அந்நஞ்சை அகற்றும் மருத்துவமும் உண்மையானதே. கீலேஷன் எனப்படும் அம்முறையின் பெயர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. கொடுக்கு இரையைக் கவ்வுவதுபோல் மருந்து உலோகத்தைக் கவ்விச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, ஆர்சனிக் கலந்த நச்சுவாயுவுக்கு மாற்றாக ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் இவ்வகை மருந்தொன்றைக் கண்டனர். 1950-களில் ஈய நஞ்சுக்கு வேறொரு மருந்து வழக்கிற்கு வந்தது. இன்றும், குழந்தையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பின் இம்மருந்து கொடுக்கப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது.

ஆகவே மருந்தில் பிழையில்லை. அது யாருக்கு, எதற்காக என்பதில்தான் பிழை நேர்கிறது.

ஆட்டிசம் உலோக நஞ்சால் விளைவது என்பது நிறுவப்படவில்லை. தடுப்பூசியில் சேர்க்கப்பட்ட பாதரசக் கூட்டுப்பொருளே காரணம் என்று மேலைநாடுகளில் பெருங்கூச்சல் எழுந்தது. 2001-க்குள் அமெரிக்கக் குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகளிலிருந்து அப்பொருள் ஏறத்தாழ முற்றிலும் நீக்கப்பட்டது. ஆனால் ஆட்டிசம் குறையவில்லை. எனினும் மருந்து விற்போர் ஓய்ந்தாரில்லை. அவர்கள் காட்டும் 'பரிசோதனை'யின் சூட்சுமத்தை வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். முதலில் குழந்தைக்குக் கீலேஷன் மருந்தைக் கொடுக்கிறார்கள். பிறகு சிறுநீரை அளக்கிறார்கள். உலோகத்தை இழுக்கும் மருந்தைக் கொடுத்தபின் யாருடைய சிறுநீரிலும் உலோகம் கூடுதலாகவே தெரியும். அந்த அளவை, மருந்துண்ணாதோரின் அளவோடு ஒப்பிட்டு, "பாருங்கள் நஞ்சை" என்கிறார்கள். மடையைத் திறந்துவிட்டு, வாய்க்காலில் வெள்ளம் வந்துவிட்டதெனக் கூவுவது போன்றது இது.

இதன் விலை என்ன? 2005 ஆகஸ்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஆட்டிசத்திற்காக இம்மருந்து ஏற்றப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். நச்சு உலோகத்தைக் கவ்வ வேண்டிய கொடுக்கு, இதயத்தை இயக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கவ்விக்கொண்டது. 2007-இல் வெளியான எலி ஆய்வொன்று இதனினும் நுட்பமான பாடத்தைத் தருகிறது. ஈயம் உண்ட எலிகளுக்கு இவ்வகை மருந்தொன்றைக் கொடுத்தபோது அவற்றின் அறிவுத்திறன் மேம்பட்டது. ஈயமே இல்லாத எலிகளுக்கு அதையே கொடுத்தபோது, நீங்காத அறிவுக்கேடு விளைந்தது. இதனையும் கருதியே, ஆட்டிசக் குழந்தைகளிடம் அம்மருந்தைச் சோதிக்கவிருந்த அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனம் 2008-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

"ஆனால் இன்னார் வீட்டுப் பிள்ளை தேறிவிட்டானாமே!" என்பர் சிலர். ஆட்டிசமுள்ள பிள்ளைகளும் வளர்கிறார்கள்; மருந்தின்றியே புதுச் சொற்களைக் கற்கிறார்கள். சேவல் கூவியபின் விடிவதால் சேவல்தான் விடியலைக் கொணர்ந்தது என்போமா? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மருத்துவ மேதை அர்ராஸீ இச்சிக்கலை உணர்ந்திருந்தார். மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட ஒரு சாராருக்குக் குருதி வாங்கியும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வாங்காது விட்டும் ஒப்பிட்டு நோக்கியதாக அவர் எழுதிவைத்துள்ளார். மருந்துண்டவரை மட்டும் பார்த்து மருந்தின் தகுதியைச் சொல்லிவிட முடியாது என்பது அப்பெருமகனார் விட்டுச் சென்ற பாடம்.

இனி, தாயின் கேள்விக்கு வருவோம். நம் பிக்ஹு நூல்களில் 'வலீ' எனப்படும் காப்பாளரைப் பற்றி நுட்பமான சட்டங்கள் உண்டு. அநாதைச் சிறுவனின் சொத்து ஒருவர் கையில் இருக்கிறது. அதை அவர் அச்சிறுவனின் நலனுக்காக மட்டுமே கையாளலாம். தம் விருப்பப்படி தானம் செய்யவும் இயலாது. சூதில் வைக்கவும் இயலாது. தம் சொந்தப் பணத்தில் அவர் துணியக்கூடிய ஒன்றை, அச்சிறுவனின் பணத்தில் துணிய அனுமதியில்லை. நாம் கேட்கிறோம்: பணத்திற்கே இவ்வளவு காவல் என்றால், உடலுக்கு எவ்வளவு வேண்டும்? பிள்ளை பெற்றோரின் உடைமையன்று. இறைவன் ஒப்படைத்த அமானத். அவன் நரம்பில் ஏறும் ஒவ்வொரு துளிக்கும் அவன் வாய் சம்மதம் சொல்லவில்லை. வலித்தால் அதைச் சொல்லும் மொழியும் அவனிடம் இல்லை. தீங்கைத் தீங்கினால் நீக்கலாகாது என்பது நம் சட்ட அறிஞர்களின் விதி. இங்கோ, இருக்கிறதென்று தெரியாத தீங்கை நீக்க, இருப்பதென்று தெரிந்த தீங்கை அழைக்கிறோம்.

முயற்சியே கூடாது என்பதல்ல நம் கருத்து. நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தது நம் மார்க்கம். ஆனால் தேடுதல் வேறு; தவிப்பு வேறு. தேடுபவன் முதலில் கேட்கிறான். தவிப்பவன் முதலில் கொடுத்துவிடுகிறான். அத்தவிப்பில் நம் சமுதாயத்திற்கும் பங்குண்டு. திருமண வீட்டில் அப்பிள்ளையைக் கண்டு முகம் சுளிப்பவர்களும், "இன்னுமா ஒன்றும் செய்யவில்லை?" என்று தாயைக் கேட்பவர்களும் சேர்ந்துதான் பெற்றோரை அந்த மருந்துக் கடையின் வாசலுக்குத் தள்ளுகிறார்கள்.

அன்று நாம் தீர்ப்பு ஏதும் கூறவில்லை. ஒரு யோசனை மட்டும் கூறினோம். எந்த மருந்தும் கொடாமல், பிள்ளையின் இரத்தத்தில் ஈயத்தை அளந்து பாருங்கள் என்றோம். முடிவு வந்தது. மருந்துக்குரிய 45-க்கு வெகு கீழே. ஆயினும், ஈயம் வரும் வழியைக் கண்டு அடைக்க வேண்டும் என்று அதே நெறிமுறை கூறும் 5-ஐத் தாண்டி. தந்தையின் அச்சம் முற்றிலும் பொய்யன்று. அவர் தேடிய பரிகாரம்தான் பொய். மருத்துவர் சொன்னவை எளியவை: ஆலையிலேயே குளித்து உடைமாற்றி வருதல், வேலையுடுப்பைத் தனியே துவைத்தல், தரையை ஈரத்துணியால் துடைத்தல், பிள்ளையின் கண்ணுக்குச் சுர்மா இடுவதை நிறுத்துதல். சுர்மா சிலவற்றில் ஈயமே மூலப்பொருளாய் இருப்பதை நம் வீடுகளில் பலர் அறியார். பேச்சுப் பயிற்சிக்கு, முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தை நாடினார்கள். ஆட்டிசத்தையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாய் ஏற்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சான்றிதழும் பெற்றார்கள்.

அண்மையில் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். பிள்ளை இன்னும் பேசவில்லை. தந்தை ஈரத் தலையோடு ஆலையிலிருந்து திரும்பி, உள்ளே போகுமுன் மகனருகே திண்ணையில் அமர்ந்தார். பையிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டைகளை எடுத்து வைத்தார். மகன் அவற்றைத் தன் வரிசையோடு சேர்த்து அடுக்கினான். பிறகு ஒன்றை எடுத்துத் தந்தையின் உள்ளங்கையில் வைத்தான்.

"கொடுக்கிறான், ஹஜ்ரத்," என்றார் அவர்.

நாம் பதில் ஏதும் கூறவில்லை. மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. எழுந்தோம்.