தராசைப் பிடிக்கும் கை

“வாணிபத்தில் வாய்மை வாழாது, நாலு காசு சேர நாலு பொய் வேண்டும்” என்பர், உலகியல் கற்றதாக எண்ணிக்கொள்வோர். உண்மைதானா? வரலாற்றைக் கேட்போம், தோழர்களே!

இங்கிலாந்து நாட்டின் ராச்டேல் நகர்; ஆண்டு 1844. மாவிலே படிகாரம் கலந்து விற்ற காலம். கடன் என்னும் கயிற்றால் ஏழையைக் கடைக்காரன் கட்டிவைத்த காலம். அங்கே 28 பேர் கூடினர். நெசவாளரும் பிற உழைப்பாளரும். வாரந்தோறும் சில பென்சாகச் சேமித்து, 28 பவுன் திரட்டி, டோட் லேனில் சிறு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை எனச் சரக்கு சிலவே. ஆனால் கலப்படமில்லை, எடை குறையவில்லை, கடனுமில்லை. கடன் நாடுவோரை இழக்கவும் துணிந்தனர். ஆதாயத்தை, உறுப்பினர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தனர். பங்கு எத்தனையாயினும் ஆளுக்கொரு வாக்கு.

உணவுக் கலப்படத் தடைச் சட்டம் அந்நாட்டில் பிறந்ததோ 1860இல்! சட்டம் தடியெடுக்குமுன்பே அவர்கள் நேர்மை காத்தது எங்ஙனம்? விற்பவனும் வாங்குபவனும் அங்கே ஒருவனே; தன்னையே ஏய்த்துப் பிழைப்பவன் உண்டோ?

தனியொருவன் கடைக்கு இது பொருந்துமா எனலாம். பொருந்தும், எதிரே நிற்பவனைத் தன்னவனாக எண்ணும் துணிவு வேண்டும், அவ்வளவே. அச்சிறு கடை உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கே வழிகாட்டிற்று. வாய்மை வாணிபத்தை வீழ்த்தவில்லை, வளர்த்தது! நாம் தராசைத் தொடும் நாளில் இதனை மறவோம்!