பார்க்க ஒன்றுமில்லாத மலை

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற நான்குவழிச் சாலையில் வல்லநாட்டைக் கடக்கிறவர்கள் எல்லோர் கண்ணிலும் அந்தக் கரடு பட்டிருக்கும். ஏறெடுத்துப் பார்த்தவர்கள் சொற்பம். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகள் ஓய்வில்லாமல் ஓடும் அந்தச் சாலையோரம்தான், 1987-ல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம் இருக்கிறது. பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடி இதுதான். இருந்தும் நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் மாவட்டமே குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி கட்டும். வல்லநாட்டுக்குப் போகலாமா என்று கேட்டால், ‘அங்க பாக்க என்ன இருக்கு?’ என்ற பதில்தான் வரும். அருவி கிடையாது, குளிர் கிடையாது, மான் கண்ணில் படும் என்ற உத்தரவாதமும் கிடையாது. அதனாலேயே அங்கே போக வேண்டும் என்பது என் கட்சி. பார்க்க ஒன்றுமில்லை என்று ஊரார் ஒப்புக்கொண்ட நிலம், காணாமல் போகும்போது கேட்க நாதியில்லாமல் போகிறது.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கடலே போதும். கொற்கைக் காலம் தொட்டு இந்தக் கரையை உலகம் அறிந்தது முத்தால். கடலடிப் பார்களில் சிப்பி போதுமான அளவு முற்றியிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, சில ஆண்டுகளில் மட்டுமே முத்துக்குளிப்புக்கு அனுமதி தருவார்கள். அப்போது கரையில் திருவிழாக் கூட்டம். 1955 முதல் 1961 வரை நடந்ததே இங்கே கடைசிக் குளிப்பு. ஆனால் முத்தால் கிடைத்த அவ்வளவு புகழும் அதே கடலின் பவளப்பாறைகளுக்கு உதவவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் அவை படகு படகாக வெட்டி எடுக்கப்பட்டன. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் வெட்டு உடனே நிற்கவில்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான்தீவு அரித்துத் தேய்ந்து, செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கிக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. கடல் தந்த பரிசின் மேல்தான் நமக்குக் கண் இருந்தது; கடலின் மேல் இருக்கவில்லை.

வல்லநாட்டில் பரிசு இல்லை, இடம் மட்டும் இருக்கிறது. வெயிலில் காய்ந்த முல்லையும் குறிஞ்சியுமே பாலை ஆகும் என்று இளங்கோ வகுத்ததை ஒரே வருடத்துக்குள் இந்த மலையில் பார்த்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல் முளைத்துப் பசேலென்று கிடக்கும் சரிவு, சித்திரையில் கல்லும் முள்ளுமாகத் தெரியும். குடை விரித்தாற்போல் தலை தட்டையான உடைமரங்கள் மட்டும் இரண்டு காலத்திலும் நிற்கும். மான் தென்படாவிட்டாலும் அதன் கணக்கு தரையில் எழுதியிருக்கிறது. கிடா வெளிமான் தன் எல்லைக்குள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் புழுக்கை போடும். அந்தக் குவியலின் மேல்பகுதி ஈரமாக இருந்தால் எல்லைக்காரன் அண்மையில் வந்து போயிருக்கிறான் என்று பொருள். புல்வெளி விலங்கான அதற்கு, எதிரியைத் தொலைவிலேயே கண்டு ஓட வெட்டவெளி வேண்டும். சீமைக்கருவேலம் மண்டினால் ஊர்க்கண்ணுக்குக் காடு செழித்த மாதிரி இருக்கும். மானுக்கோ வீடு பறிபோன மாதிரி. பல பருவங்கள் பார்த்துப் பழகாத கண்ணுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது.

ஆள் நடமாட்டம் கூடினால் மானுக்குத்தானே கேடு, சட்டம் இருக்கிறது, சும்மா விட்டுவிடலாமே என்று கேட்கலாம். பாதி நியாயம். பிளாஸ்டிக் பையும் பாட்டுச் சத்தமுமாக ஒரு கூட்டம் வருவதைவிட யாரும் வராமல் இருப்பதே மேல். எந்தப் பாதையில், எந்த நேரத்தில், எத்தனை பேர் போகலாம் என்பதை வனத்துறை தீர்மானிக்கட்டும்; வேண்டாம் என்றால் வேலிக்கு வெளியே நின்றே பார்க்கலாம். ஆனால் சட்டம் எல்லைக்கோடு மட்டும்தான் போடும். 1986-க்குப் பிறகும் பவளப்பாறை வெட்டுப்பட்ட கதை அதைத்தான் சொல்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்த மனிதர்கள் இருந்தால்தான், அது மீறப்படும்போது ஒரு குரல் எழும். சுற்றியுள்ள ஊர்களில் ஆடு மேய்க்கிறவர்களுக்கு இந்த அறிவு ஏற்கெனவே உண்டு. பட்டணத்திலிருந்து போகிறவர்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள், அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியவர்கள் அல்ல.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. உப்பளத்திலும் துறைமுகத்திலும் வாரம் முழுக்க வெயிலில் வேகிறவருக்கு, கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு வெயில் மலையைக் காட்டுவதா? அவர் குற்றாலத்துக்கே போகட்டும்; களைத்த உடம்பு குளிர்ந்த தண்ணீரைத் தேடுவதில் தப்பே இல்லை. என் கேள்வி, நிழலும் நேரமும் வாய்த்த பிறகும் புகைப்படத்தில் பார்த்ததை நேரில் சரிபார்க்கவே ஊர் ஊராகப் போகிற நம்மைப் பற்றியது. கைமேல் பலன் தெரிந்தால்தான் கவனிப்பேன் என்ற பழக்கம் மலையோடு நிற்பதில்லை. சுவாரசியமாகப் பேசத் தெரியாத பெரியவர், மதிப்பெண்ணில் தெரியாத பிள்ளை, தேரி மணல், வானம் பார்த்த கரிசல் என எல்லாவற்றையும் அதே படியால்தான் அளக்கிறோம். அளந்து, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிடுகிறோம். நாளைக்கு ஒரு திட்டத்துக்கு இடம் தேடி வருகிறவர்கள் முதலில் கைவைப்பது அப்படி எழுதப்பட்ட நிலத்தில்தான். அந்த நேரத்தில் இங்கே இன்னது இருக்கிறது என்று விவரமாகச் சொல்ல உள்ளூரில் நாலு பேர் வேண்டும். மான் தென்படாத ஒரு காலைப்பொழுதை வீண் என்று நினைக்காதவர்களே அந்த நாலு பேராக இருக்க முடியும்.