நெடுநாள் மனச்சோர்வும் சரியைத் தொண்டும்

உடற்பிணி கொண்டாரைக் கண்டு உலகம் இரங்கும். நெடுநாள் மனச்சோர்வு கொண்டாரையோ சோம்பர் என்றும் பத்தியிலார் என்றும் இகழும். அவரும் அவ்விகழ்ச்சியைத் தம்முள் ஏற்று மேலுஞ் சோர்வர். நூலுணர்ந்தார் குழுவினும் இக்குறை உண்டாதலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்தும்.

யாம் இதனைப் பிறர்பாற் கேட்டு உரைக்கின்றிலேம். மனையாளை இழந்தபின் மூன்றாண்டு இச்சோர்வினுட் கிடந்தேம். மாணாக்கர்க்குப் பல்லாண்டு பாடஞ்சொன்ன சிவஞானசித்தியாரை விரிப்பேம். ஒரு செய்யுளும் உள்ளே புகாது. விடியலில் விழித்தும் எழ மனம் வாராது. நீறணிய மறந்த நாள்களும் உள. 'மனம் விரும்பும் நாள் வரட்டும், அன்று தொடங்குவேம்' என்று காத்திருந்தேம். அந்நாள் வந்திலது.

அக்காலை முதிய தம்பிரான் ஒருவர் எம்மைக் காண வந்தார். ஆறுதல் ஒன்றுங் கூறிலர். “புலவீர், கலை, வித்தை, அராகம் என்பவற்றின் தோற்றமுறை யாது?” என வினவினார். “கலை உயிரின் செயலாற்றலை விளக்கும், கலையினின்று தோன்றும் வித்தை அறிவை விளக்கும், வித்தையினின்று தோன்றும் அராகம் இச்சையை விளக்கும்” என்றேம். “செயல் முன்னும் இச்சை பின்னும் ஆக, இச்சை வந்தபின் செய்வேம் என்றிருத்தல் முறையோ? நாளை விடியலில் நந்தவனத்திற்கு வருக. மனம் வேண்டாவென்னினும் வருக” என்று சொல்லிப் போயினார்.

சென்றேம். முதனாள் நான்கு செடிகட்கு நீர் விட்டு மீண்டேம். மகிழ்ச்சி சிறிதும் இல்லை. பத்தாம் நாளும் அவ்வாறே. ஆயினும் விட்டிலேம். எழும் பொழுதும் துயிலும் பொழுதும் வரையறுத்தேம், பகலுறக்கம் ஒழித்தேம், மாலையில் திருவீதி நடந்தேம், நாடோறும் ஒருவரோடேனும் உரையாடினேம், மருத்துவர் தந்த மருந்தையும் தவறாது உண்டேம். ஒரு திங்கள் கழிந்தபின் ஒருநாள், நந்தியாவட்டை தொடுக்குங்கால் எமக்குப் பசி தோன்றிற்று. அன்று சோற்றின் சுவையறிந்து உண்டேம். அதன்பின்னரே சித்தியார்ச் செய்யுள் எம்முட் புகுந்தது.

தத்துவங்களின் தோற்றமுறையை உலக வழக்கிற்கு இழுத்துரைத்தல் பொருந்துமோ எனின், ஒப்புமை பற்றியே உரைத்தாம் என்க. அவ்வொப்புமைக்குச் சான்று பெரியபுராணத்துள் உண்டு. திலகவதியார் தந்தை புகழனாரையும் தாய் மாதினியாரையும் இழந்தார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் மாய்ந்தார். உயிர் விடத் துணிந்தவர் தம்பியார் பொருட்டுத் தரித்தார். அத்தம்பியாரும் பின்னர்ப் புறச்சமயம் புக்கார். அந்நிலையில் அம்மையார் திருவதிகை அடைந்து, நாடோறும் அலகிட்டு மெழுகி மாலை தொடுத்து வாழ்ந்தார். துயர் தீர்ந்தபின் தொண்டு தொடங்கினாரல்லர். துயரிடையே தொண்டு செய்தார் என்பது கருதற்பாலது.

இக்கால மருத்துவ ஆராய்ச்சியும் இதற்கு இயைகின்றது. இங்கிலாந்தில் மனச்சோர்வுற்ற 440 பேரிடத்து நிகழ்ந்து, 2016-ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று உளது. அன்றாடச் செயல்களைத் திட்டமிட்டு மீட்டும் மேற்கொள்ளச்செய்யும் முறை, எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முறைக்குப் பயனிற் குறைந்ததன்று என அது கண்டது.

இதனால், சோர்வுற்றாரை 'எழுந்து வேலை செய்' என அதட்டுதல் தகும் என்று கொள்ளற்க. தம்பிரான் எம்மை ஏவிவிட்டு அகன்றாரல்லர். விடியற்றோறும் பூக்குடலை ஒன்றைத் தாம் ஏந்தி, மற்றொன்றை எம் கையிற் கொடுத்து உடன் நடந்தார். சோர்வு மிக்கு உயிர்விடும் எண்ணந் தோன்றுமாயின், அவரைத் தனியே விடாது மருத்துவர்பால் உடனே உய்த்தல் கடமையாம். தொண்டு மருந்திற்குத் துணையன்றி மாற்றன்று.

எம் சோர்வு முற்றும் நீங்கிற்று என்று பொய் கூறேம். இன்றும் சிற்சில விடியல்களில் அது வந்து நிற்கும். அது போகட்டும் என்று காத்திராமல், குடலையை எடுத்துக்கொண்டு நந்தவனம் புகுவேம். அன்பர்காள், நும் அண்டையில் அத்தகையார் உளராயின் அறிவுரை கூறற்க. நாளை விடியலில் ஒரு குடலையோடு அவர் வாயிலிற் சென்று நிற்பீராக.

சிவம்.