பதில் வராவிட்டாலும் பிரார்த்தனையா?

'கேட்டதைத் தருகிற கடவுள் இருப்பதாக எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு எதற்குப் பிரார்த்தனை?' - இந்தக் கேள்வி உங்களுக்குள்ளும் எழுந்திருக்கிறதா?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை... 2004 டிசம்பர் 26-ல் சுனாமி பல உயிர்களை வாரிச் சென்ற இடம். ஆண்டுதோறும் அதே நாளில் உறவுகளை இழந்தவர்கள் அங்கே கூடி, அலையில் பால் ஊற்றி, மலர் தூவிக் கும்பிடுகிறார்கள். போனவர்கள் திரும்புவார்கள் என்றா? இல்லை! 'உங்களை மறக்கவில்லை' என்று சொல்ல ஓர் இடம் வேண்டியிருக்கிறது. சேர்ந்து அழ நாலு பேர் வேண்டியிருக்கிறது.

தெற்கே சிதம்பரத்துக்கு வாருங்கள். நடராஜப் பெருமானுக்கு அருகே திரையை விலக்கி, தீபாராதனை காட்டுகிறார்கள். உள்ளே தெரிவது தங்க வில்வ மாலைகளும் வெட்டவெளியும்தான்! ஆகாயமே இறைவன் என்கிறார்கள் பக்தர்கள். நம்பாதவருக்கு அது வெறும் வெளி. ஆனால், அதன்முன் நிற்க இருவருக்கும் இடம் உண்டு.

நம்புகிறவர் பெறும் ஆறுதல் முழுதாகக் கிடைக்காதுதான். என்றாலும், கோரிக்கைகளை ஒதுக்கிவிட்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 'இன்று யார் மனதை நோகடித்தேன்? யாருக்கு நன்றி சொல்ல மறந்தேன்?' என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்!