தேகம் பகையா?

சரீரத்தை வாட்டினால்தான் ஆன்மா விடுதலை பெறும் என்ற எண்ணம் எவ்வளவு புராதனமானதோ அவ்வளவு அபாயகரமானது. உருவேலா வனத்தில் ஆறாண்டுக் காலம் கடுந்தவம் இயற்றி, வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்கு அகப்படும் அளவுக்கு மெலிந்த சித்தார்த்தர், அந்த மார்க்கம் ஞானத்தைத் தராது என்று தெளிந்து, சுஜாதை அளித்த பாற்சோற்றை உண்ட பின்னரே போதியடியில் அமர்ந்தார் என்பதைப் பட்டினியைப் புனிதமாகக் கருதுவோர் ஏனோ மறந்துவிடுகின்றனர். பிற்காலத்தில் அவர் உபதேசித்த தியான முறையிலோ, நடக்கும்போது நடப்பதை அறிவதும் ஒரு சாதனை. அவர் உலாவிய இடமென்று புத்தகயாவில், மகாபோதி ஆலயத்தின் வடபுறத்தில், ஒரு நீண்ட மேடையை இன்றும் காட்டுகிறார்கள்.

தேகத்தை வாட்டும் அதே போக்கு நோயாகவும் வருவதுண்டு. அனொரெக்சியா போன்ற உண்ணுதல் கோளாறுகளால் பீடிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தேகப்பயிற்சியே தண்டனையாக மாறிவிடுவதால், எடையும் இருதயத் துடிப்பும் நிலைபெறும்வரை மருத்துவர்கள் அதைத் தடுப்பது முற்றிலும் நியாயமே. ஆகாரமும் சிகிச்சையும் முதலில் வரவேண்டும். அதன்பின், மருத்துவர்களின் அனுமதியுடன், எரிந்த கலோரியை எண்ணாமல், பாதம் பூமியில் பதிவதையும் மூச்சு விரிவதையும் கவனித்து, களைத்தால் அமரவும் பசித்தால் உண்ணவும் தயங்காத நிதான நடையோ எளிய யோகாசனமோ, நெடுநாள் சத்துருவாகப் பாவித்த தேகத்தின் குரலை மீண்டும் கேட்க நோயாளிகளைப் பழக்கக்கூடும் என்றே நான் நம்புகிறேன்.