மழை யார் கணக்கில்?

ஏப்ரல் சீசன் நெருங்கினால் நுவரெலியாவில் புல்லுக்கும் மவுசு வந்துவிடும். ரேஸ் கோர்ஸில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் கூட்டம். அதற்குள் ஹோட்டல்காரர்களும் கெஸ்ட் ஹவுஸ்காரர்களும் வாசல் புல்லைச் சீராக்கி, பாத்தி மாற்றி, ரோஜாவைப் பூக்க வைத்துவிட வேண்டும். அந்த வேலையைக் கான்ட்ராக்ட் எடுக்கும் சின்ன ஆட்கள் ஊரில் உண்டு. ஒரு பழைய வேன், இரண்டு புல்வெட்டும் மெஷின், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் காலையில் ஏற்றிக்கொள்ளும் நாலைந்து பேர். முதலாளி என்று சொல்லுமளவுக்கு அவர்களில் பலரிடம் முதல் கிடையாது. அவர்களுக்கு மண்ணும் செடியும் தலைவலி இல்லை. ஹோட்டல் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து, மணிக்கு இவ்வளவு என்று வாய் திறந்து சொல்வதுதான் தலைவலி.

கணக்கின் போக்கைப் பார்ப்பதற்காக மட்டும் சில உருண்டை எண்களை வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர நாளுக்கு ஒருவர் சம்பளம் 2,400 ரூபாய், மணிக்கு 300. சட்டப்படி நடப்பவராக இருந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் தன் பங்காகக் கட்டுவார். நாள் செலவு 2,760 ஆகிறது. ஆனால் எட்டு மணி நேரத்தையும் ஹோட்டலிடம் விற்க முடியாது. வேன் போய்ச் சேர வேண்டும், சாமான் இறக்க வேண்டும், தேத்தண்ணி குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மழை. பகல் சாய்ந்த பிறகு நுவரெலியா வானத்தை நம்புகிறவர் அந்த ஊர்க்காரராக இருக்க முடியாது. ஆக, ஆறு மணி நேரம்தான் பில்லில் ஏறும். 2,760ஐ ஆறால் வகுத்தால் 460. வேன், பெட்ரோல், பிளேடு, பட்டுப்போன செடிக்கு மாற்றுச் செடி என்று மணிக்கு 140 சேர்த்தால் 600. அதன்மேல் 15 சதவீதம் லாபம், 90 ரூபாய். மேனேஜரிடம் சொல்ல வேண்டிய விலை 690.

மேனேஜர் தலையாட்டிவிட்டார் என்று வைப்போம். வெளியே வந்த கான்ட்ராக்ட்காரர் ஒரு சின்ன மாற்றம் செய்கிறார். “வேலை செய்த நேரத்துக்குத்தான் காசு” என்று ஆட்களிடம் சொல்லிவிடுகிறார். வேனில் உட்கார்ந்திருந்த நேரமும் கூரைக்கடியில் மழைக்கு ஒதுங்கி நின்ற நேரமும் அவரவர் பாடு. மணிச் செலவு 460இலிருந்து 345ஆக இறங்குகிறது. மிச்சம் 115 ரூபாய். அலைந்து திரிந்து விலை பேசி அவர் சம்பாதித்த லாபம் 90. ஒன்றும் செய்யாமல் மழை சம்பாதித்துக் கொடுத்தது அதைவிடப் பெரிது.

அந்த 115 ரூபாய் யாருடையது? சின்னக் கேள்விதான். ஆனால் அர்த்தசாஸ்திரம் எழுதியவரும் இயேசுவும் ஆடம் ஸ்மித்தும் இதே இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள்.

அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணத்தில் வேலையாள், கூலி பற்றிய பகுதி வருகிறது. வேலைக்கென்று வந்துவிட்ட ஆளிடம் முதலாளி வேலை வாங்கவில்லை என்றால், அந்த வேலை நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது பழைய ஆசிரியர்களின் கட்சி. நூலை எழுதிய கௌடில்யர் மறுக்கிறார். செய்த வேலைக்குத்தான் கூலி, செய்யாததற்கு இல்லை என்பது அவர் வாதம். கம்பெனி வக்கீல்கள் கேட்டால் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் அவர் அங்கேயே நிறுத்தவில்லை. கொஞ்சமாவது வேலை வாங்கிவிட்டு மிச்சத்தைச் செய்யவிடாமல் முதலாளி தடுத்தால், முழு வேலையும் முடிந்ததாகவே கணக்கு என்று ஒரு கொக்கியும் போடுகிறார். தடுத்தது முதலாளியா, மழையா என்று அவரிடமே வாதாட இடமுண்டு. ஆனாலும் கறாருக்குப் பேர்போன அந்த மனிதர்கூட, தொடங்கிவிட்ட நாளைத் துண்டு துண்டாக நறுக்கி எடைபோடச் சம்மதிக்கவில்லை.

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்துக் கதை மலையகத் தேவாலயங்களில் பலமுறை பிரசங்கிக்கப்பட்டதுதான். திராட்சைத் தோட்டக்காரன் விடியலில் ஆள் எடுக்கிறான், நடுப்பகலில் எடுக்கிறான், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் எடுக்கிறான். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி. இறைவனின் தாராளத்தைச் சொல்லும் கதை என்று விளக்குவது வழக்கம். அது சரிதான். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் காதில் வேறொரு இடம் உறைக்கும். கடைசியாக எடுத்தவர்களிடம் அவன், ஏன் பகல் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கும்போது, யாரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் அவர்கள். வெயிலில் நின்று காத்திருந்ததும் ஒரு பாடுதான். வயிறு அன்றைக்கும் முழு நாள் பசித்தது.

இந்தக் கதையிலிருந்துதான் ஜான் ரஸ்கின் தன் பொருளாதார நூலுக்குத் தலைப்பு எடுத்தார். 1860இல் பத்திரிகையில் வந்து, 1862இல் நூலான ‘அன்டு திஸ் லாஸ்ட்’. ஆடம் ஸ்மித் வழிவந்த பொருளாதாரத்தை ரஸ்கின் கிழிகிழியென்று கிழித்தார். வேடிக்கை என்னவென்றால், மழை விஷயத்தில் எதிரிகள் இருவரும் ஒரே பக்கம். கொத்தனார் கடும் பனியிலும் மழையிலும் வேலை செய்ய முடியாது, ஆகவே வேலை இருக்கும் நாளில் அவன் பெறுவது வேலையில்லாத நாளையும் தாங்க வேண்டும், அந்த நாட்களின் மனக்கவலைக்கும் ஏதாவது சேர்த்துத் தர வேண்டும் என்று ஸ்மித் 1776இலேயே எழுதிவிட்டார். விட்டுவிட்டு வரும் வேலைக்குக் கூலி அதிகமாக இருந்தாக வேண்டும் என்று ரஸ்கினும் சொன்னார்.

1904இல் ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் ரஸ்கினைப் படித்த காந்தி, அந்த வேகத்தில் பீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கி, அங்கே உழைத்தவர்களுக்கு ஒரே அளவு ஜீவனக் கூலி வைத்தார். 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை வந்தபோது ஹட்டனுக்கும் வந்தார். தோட்டங்களின் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்கும் சட்டமும் அதே 1927இல் வந்ததுதான். அந்தச் சம்பளத்தில் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த விலை. மலையில் கொழுந்தெடுப்பதில் பெரும்பங்கு பெண்கள். சம சம்பளம் கிடைக்க அவர்கள் 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லாபத்துக்கு வருவோம். லாபம் பாவம் என்று எந்த மரபும் மொத்தமாகச் சொல்லிவிடவில்லை. எதற்காக லாபம் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வட்டியைக் கண்டித்த தாமஸ் அக்வினாஸ், கூட்டு வியாபாரத்தில் பணம் போட்டவன் லாபத்தில் பங்கு கேட்பதை ஒப்புக்கொண்டார். பணம் மூழ்கினால் அவன் பணம்தான் மூழ்குகிறது, ஆகவே ஆதாயத்திலும் அவனுக்குப் பாத்தியதை உண்டு என்பது காரணம். இஸ்லாமியச் சட்ட மரபில் நபிமொழியை ஒட்டிய விதி ஒன்று உண்டு: நட்டத்துக்கு எவர் பொறுப்போ ஆதாயமும் அவருக்கே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நமது கான்ட்ராக்ட்காரருக்கு 90 ரூபாய் நியாயமாகவே சேரும். சீசன் படுத்தால், மேனேஜர் பில்லை இழுத்தடித்தால், மெஷின் உடைந்தால் அவர் தாங்குகிறார். 115 ரூபாயில் அவர் தாங்கியது ஒன்றுமில்லை. மழையை ஆளின் தலையில் இறக்கிவிட்டு, மழையைத் தாங்குகிறவருக்குரிய பணத்தைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். இந்த விஷயத்தில் மதங்களின் கணக்கு வியாபாரிகளின் கணக்கைவிடத் துல்லியமானது என்றே சொல்ல வேண்டும்.

மலையகத்தின் வரலாற்றை இந்தக் கண்ணால் பார்த்தால் அது சம்பளக் கதை மட்டுமாக இராது. நட்டத்தை யார் தலையில் இறக்குவது என்ற கதை நெடுகிலும் வருகிறது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்த இந்தியத் தொழிலாளரின் பயணச் செலவு, அவர்கள் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டது. வழியில் செத்தவர்களை யாரும் செலவுக் கணக்கில் எழுதவில்லை. வந்து சேர்ந்த பிறகு, கடனைத் தாங்கிய ‘துண்டு’ என்ற சீட்டு தோட்டத்துக்குத் தோட்டம் ஆளோடு கூடவே போனது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும், ஆள் திரட்டி வந்த கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அவருடைய லாபமும் ஆட்களின் நாட்களில்தான் தொங்கியது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர். மழை நாளில் இது எப்படி நடக்கிறது என்பதைத் தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் இடுப்பில் படங்கு, காலில் அட்டைக் கடி, முதுகில் ஈரம் சொட்டும் பாரம். நனைந்த கொழுந்து கனக்கும். தண்ணீருக்குக் கம்பெனி காசு கொடுக்க முடியாது என்பது நியாயமே. அதனால் சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் சில கிலோ கழிக்கிறார்கள். எவ்வளவு ஈரம் என்பது பெரும்பாலும் கண் மதிப்பு. கழித்த பிறகு நிற்கும் எண் குறித்த கிலோவுக்கு மேலா கீழா என்பதில் பாதிச் சம்பளம் ஆடுகிறது. வறட்சி வந்தால் கதை வேறு: நாள் முழுக்க மலையில் நின்றாலும் செடியில் கொழுந்து இல்லை. மழையும் அவள் கணக்கில், வெயிலும் அவள் கணக்கில்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சம்பளப் போராட்டத்தின் எண்களைப் பார்த்தால் சில புதிர்கள் விளங்கும். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்று சொல்லப்பட்டதில் அடிப்படைச் சம்பளம் 500தான். மிச்சம் வரவுக் கொடுப்பனவு, உற்பத்திக் கொடுப்பனவு, விலைப் பங்கு. அதாவது மழை, நோய், வறட்சி எதுவும் குறுக்கே வராமல் இருந்தால் கிடைப்பது. ஆயிரம் ரூபாய் கேட்டு 2018 அக்டோபரில் மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் திரண்டபோது, அடிப்படைச் சம்பளமே ஆயிரமாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அதனால்தான். 2019இல் அடிப்படை 700 ஆனது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை 900உம் 100உம் சேர்த்து ஆயிரத்தை வர்த்தமானியில் போட்டது. உடனே பல தோட்டங்களில் குறித்த கிலோ பதினெட்டிலிருந்து 20க்கு ஏறியது. எடுக்க முடியாதவர்களுக்கு அரைப் பேர். நாளின் விலை கூடியது, நாள் நீண்டுவிட்டது. 2024இல் 1,700 என்று அறிவிப்பு, கம்பெனிகள் நீதிமன்றம், கடைசியில் 1,350. இப்போது 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550உடன் அரசின் வரவுக் கொடுப்பனவு 200. அந்த இருநூறும் வந்த நாளுக்குத்தான்.

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தால் கொழுந்தெடுப்பவரின் அன்றைய பேர் குறைவதில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தது அரசாங்கம். விளைச்சல் விழுந்தபோது அடி கம்பெனிக்கும் விழுந்தது. கோப்பி நோய் வந்து தோட்டங்கள் அழிந்த காலத்தில், 1884இல் ஓரியண்டல் வங்கியே முறிந்தது. நட்டம் என்பது முதலாளிகள் கற்பனை செய்துகொள்ளும் பேய் இல்லை. அதனால்தான் இப்போது வெளியாள் முறை, வருமானப் பங்கு முறை என்று பேசுகிறார்கள்: செடிகளைத் தொழிலாளியிடம் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோ விலை கொடுத்துவிடுவது. தொழிலாளி தொழில்முனைவராகிறார் என்று சொல்லப்படுகிறது.

இருக்கலாம். ஆனால் அக்வினாஸின் கூட்டாளிக்கு ஆதாயத்தில் பங்கு உண்டு. நட்டத்தின் பங்காளியான தொழிலாளிக்கு ஏல விலை ஏறும்போது பங்கு உண்டா, கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் உரிமை உண்டா, நிலத்தில் ஏதாவது பிடி உண்டா? இவை இல்லாமல் வறட்சியை மட்டும் பங்கு பிரிப்பதற்குக் கூட்டு என்று பெயர் வைக்க அந்தத் துறவி சம்மதித்திருக்க மாட்டார். தீகநிகாயத்துச் சிகாலோவாத சூத்திரத்தில் புத்தர் முதலாளியின் கடமைகளாகச் சொல்பவற்றில் பலத்துக்கேற்ற வேலை, உணவும் சம்பளமும், நோயில் பராமரிப்பு, உரிய நேரத்தில் ஓய்வு எல்லாம் வருகின்றன. ஐந்து கடமைகளில் கூலி, ஒரு கடமையின் பாதிதான். மற்றவை வேலை செய்ய முடியாத நேரத்தையும் ஆளின் உடம்பையும் பற்றியவை.

ஹோட்டல் மேனேஜரின் மேசையில் இப்போது இன்னொரு தாளும் இருக்கிறது. மழையை ஆளின் தலையில் இறக்குகிற இன்னொரு கான்ட்ராக்ட்காரர், அந்தச் சலுகையை மேனேஜருக்கே கொடுத்துவிட்டு 558 ரூபாய் கேட்டிருக்கிறார். 345உடன் 140, அதன்மேல் அதே 15 சதவீதம். நேர்மையாக 690 கேட்டவர் வேலையை இழப்பார். அறம் பார்க்கிறவர் தனியாக விலை வைத்துப் பிழைக்க முடியாத இடம் இது. 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ, இரு தரப்பும் சம்மதித்துப் பேசிய கூலியாக இருந்தாலும் அது உழைப்பவனின் ஜீவனத்துக்குப் போதாவிட்டால் நீதி இல்லை என்று எழுதியதும், சம்பள நிர்ணய சபைகள் வந்ததும் இப்படிப்பட்ட இடங்களை முன்வைத்துத்தான்.

690 கேட்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. விலையை ஒரே எண்ணாகச் சொல்லாமல் இரண்டு வரியாக எழுதிக் கொடுக்கலாம். முதல் வரியில் வேலை, மணிக்கு 558. இரண்டாம் வரியில் வழியும் மழையும், மணிக்கு 132. சீசன் வாரத்தில் அறை வாடகையை இரட்டிப்பாக்கும் மேனேஜருக்கு அது பெரிய தொகை இல்லை. இரண்டாம் வரியை வெட்ட வேண்டுமானால், எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து, தன் பேனாவாலேயே வெட்டட்டும்.